காழும் நீரும் தீயும்: சவ்வாது மலையை முன்னிட்டுத் தமிழர் பொருட்பகுப்பு மரபு பற்றிய ஓர் ஆய்வு

முன்னுரை

ஒரு மொழியில் பொருட்பெயர்கள் மிக்கிருத்தல் ஒன்று. அப்பொருள்களைப் பண்பு நோக்கி வகுக்கும் நெறி அமைந்திருத்தல் மற்றொன்று. தமிழில் முன்னையது உண்டு என்பதற்கு நிகண்டுகளே சான்று. பின்னையது உண்டா, உண்டெனின் அஃது எத்தகையது என்பதே ஈண்டு நாம் எடுத்துக்கொண்ட வினா.

இவ்வினாவிற்கு இருவகை விடைகள் வழங்கி வருகின்றன. இக்கால வேதியியல் முழுவதும் நம் முன்னோர் அறிந்ததே என்பது ஒன்று. பழம் நூல்களிற் காண்பன வெறும் பெயர்ப்பட்டியல்களே, அவற்றில் நெறி யாதும் இல்லை என்பது பிறிதொன்று. இரண்டும் நூல்களை நெருங்கி நோக்காமையால் எழுந்தன என்பது நம் கருத்து. திவாகரம் தன் சொற்களைப் பன்னிரு தொகுதிகளாகப் பகுத்துள்ளது. தெய்வம், மக்கள், விலங்கு, மரம், இடம் ஆகியவற்றுக்குத் தனித்தனித் தொகுதி உண்டு. கல்லுக்கும் உப்புக்கும் உலோகத்துக்கும் அவ்வாறு தனித்தொகுதி இல்லை. ஆதலின் உயிரற்ற பொருள்களின் பகுப்பை நிகண்டிற் காண விழைவார் ஏமாறுவர். அதனை இலக்கணத்தின் ஒரு மூலையிலும், வணிகர் வழக்கிலும், மருத்துவ நூல்களிலும் தேடுதல் வேண்டும். இம்மூன்றையும் ஒருங்கே நோக்குதற்கு ஏற்ற இடமாகச் சவ்வாது மலையைக் கொள்கிறோம்.

மலையின் பழமை

சவ்வாது மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. இன்று திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் ஆகிய மாவட்டங்களில் அது பரந்து கிடக்கிறது. மலையாளி எனப்படும் மலைவாழ் மக்கள் நெடுங்காலமாக ஆங்கு வாழ்ந்து வருகின்றனர். சேயாறு அம்மலையிற் பிறந்து பாலாற்றோடு கலக்கிறது. மலைக்குத் தெற்கே அமைந்த செங்கம், மலைபடுகடாத்தின் பாட்டுடைத் தலைவனாகிய நன்னனது செங்கண்மா என்பது அறிஞர் பலரும் உடன்பட்ட செய்தி. 583 அடிகளால் இயன்ற அப்பாட்டு, மலையில் எழும் ஓசைகளை ஒவ்வொன்றாக எடுத்து நிரல்படக் கூறுவதால் அப்பெயர் பெற்றது. ஒரே மலையின் ஒலிகளைக் கேட்ட புலவர், அவற்றைத் திரளாகக் கொள்ளாது வேறு பிரித்து அடுக்கினார். பண்பு நோக்கிப் பிரிக்கும் மனப்போக்கு அந்நிலத்தைப் பாடிய இலக்கியத்திலேயே உளது என்பதற்கு இது போதும்.

எழுத்திற்கு முற்பட்ட சான்றும் உண்டு. திருப்பத்தூரை அடுத்த பையம்பள்ளியில் இந்தியத் தொல்லியல் துறை 1964-65இலும் 1967-68இலும் அகழாய்வு நடத்தியது. ஆங்குப் புதிய கற்கால மக்கள் தீட்டி மெருகேற்றிய கற்கருவிகளும், பின்வந்த இரும்புக்கால எச்சங்களும் கிடைத்தன. கோடரிக்கு எந்தக் கல் தாங்கும், எது பிளவுறும் என்று அறியாமல் அக்கருவிகளைச் செய்திருத்தல் இயலாது. வன்மை, மென்மை என்னும் பகுப்பே மாந்தர் பொருள்களிடத்துக் கண்ட முதற் பகுப்புகளுள் ஒன்றாதல் வேண்டும்.

காழ் என்னும் சோதனை

வன்மையை அளவுகோலாகக் கொண்ட பகுப்பைத் தொல்காப்பியர் மரபியலிற் கூறுகிறார். புறத்தே காழுடையவற்றைப் புல் என்றும், அகத்தே காழுடையவற்றை மரம் என்றும் அவர் வழங்குகிறார். காழ் என்பது வயிரம். மூங்கிலும் பனையும் தெங்கும் புறத்தே வன்மையும் அகத்தே மென்மையும் உடையன. ஆதலின் அவை எத்துணை உயர்ந்து வளரினும் புல்லே. தேக்கும் சந்தனமும் அகத்தே வயிரம் ஏறியவை, ஆதலின் மரம்.

இப்பகுப்பின் சிறப்பு யாது? உயரம், பருமன், பயன் என்னும் கண்ணுக்கு எளிதிற் புலப்படும் வேறுபாடுகளை நூலாசிரியர் விடுத்தார். வெட்டிப் பார்த்தால் மட்டுமே புலனாகும் ஒன்றைப் பற்றினார். கத்தி கொண்டு எவரும் இதனைச் சோதிக்கலாம். இருவர் சோதித்தால் விடை வேறுபடாது. இக்காலத் தாவரவியலார் பனையையும் மூங்கிலையும் ஒருவித்திலைத் தாவரங்களுள் அடக்குவர். அவற்றின் தண்டில் நார்க்கற்றைகள் விளிம்பை நோக்கிச் செறிந்திருப்பதே புறவன்மைக்குக் காரணம் என்பதும் அவர் கூற்று. எனவே தொல்காப்பியர் பகுப்பு மேலோட்டமானதன்று. ஆயினும் அது குறையற்றதும் அன்று. அகத்தே வயிரம் பற்றாத முருங்கையையும் நாம் மரம் என்றே வழங்குகிறோம். ஒரு சோதனை, தான் அளப்பதை மட்டுமே அளக்கும் என்பதை இதனால் அறிகிறோம்.

சவ்வாது மலைக்குப் புகழ் தந்த சந்தனத்தில் இக்காழ் என்னும் சொல் முழுப்பொருளும் பெறுகிறது. சந்தன மரம் தன் வேரைப் பிற செடி மரங்களின் வேரோடு பற்றுவித்து உணவில் ஒரு பகுதியை உறிஞ்சி வளர்வது. அதன் வெளிமரம் வெளிறியது, மணமற்றது. உள்ளே ஆண்டுகள் பல கடந்து உருவாகும் காழிலும் வேரிலுமே மணநெய் உண்டு. ஆதலாற்றான் சந்தனத்தை அடியொடு வெட்டாது வேரொடு அகழ்ந்தெடுத்தல் வழக்கமாயிற்று. காழில்லாத சந்தனம் வணிகனுக்கு வெறும் விறகே. இலக்கண ஆசிரியர் மரம் என்று சொல்வதற்குக் கொண்ட குறியே, வணிகர் விலை சொல்வதற்கும் குறியாக நின்றது.

கிடங்கின் பகுப்பு

இம்மலைச் சந்தனம் திருப்பத்தூரிலுள்ள அரசு சந்தனக் கிடங்கிற்குக் கொணரப்பட்டு, பட்டையும் வெளிமரமும் செதுக்கி நீக்கப்பட்டு, தரம் பிரித்து ஏலம் விடப்படுவது வழக்கம். தென்னிந்தியச் சந்தன வணிகத்தில் வழங்கிய தரப்பகுப்பு ஆராய்ச்சிக்கு உரியது. முதல் தரத்திற்கு விலாயத் புத் என்று பெயர்: குற்றமற்ற கட்டை, ஒன்று 20 இராத்தலுக்குக் குறையாதது, ஒரு டன்னுக்கு 112 கட்டைக்கு மேற்படாதது. இரண்டாம் தரம் சைனா புத்: 10 இராத்தலுக்குக் குறையாதது, டன்னுக்கு 224க்கு மேற்படாதது. மூன்றாவது பஞ்சம் எனப்படும்: 5 இராத்தல், 448 கட்டை. ஒரு டன் 2240 இராத்தல் ஆதலின் இவ்வெண்கள் தம்முள் முற்றும் பொருந்துவன. இவற்றின் கீழ்ச் சிறு கட்டை, வேர், சிராய், மரத்தூள் எனப் படிப்படியாகப் பல தரங்கள் உள. செதுக்கும்போது உதிர்ந்த துண்டும் தூளுங்கூடத் தத்தமக்குரிய பெயரோடும் விலையோடும் நின்றன.

ஈண்டு நாம் குறிக்கத்தக்கது ஒன்று உண்டு. வரையறை பண்பைக் கூறுகிறது: எடை, குற்றமின்மை, காழின் அளவு. பெயரோ பண்பைக் கூறவில்லை. விலாயத் என்பது வெளிநாடு. சைனா என்பது சீனம். அக்கட்டை எந்தச் சந்தைக்குச் சென்றதோ அதன் பெயரைப் பெற்றது. பெயரை மட்டும் கண்ட பிற்கால ஆராய்ச்சியாளன் ஒருவன், சைனா புத் என்பது சீனத்தில் விளைந்த சந்தனம் என்று எழுதிவிடக் கூடும்.

இவ்வழக்கம் புதியதன்று. சிலப்பதிகார உரையில் அடியார்க்கு நல்லார் அகிலின் வகைகளைக் கூறுமிடத்து அருமணவன், தக்கோலி, கிடாரவன் என்னும் பெயர்களைத் தருகிறார். இவை கடல் கடந்த நாடுகளையும் துறைகளையும் ஒட்டி எழுந்த பெயர்கள். மணத்திலும் நிறத்திலும் எடையிலும் அவை எவ்வாறு வேறுபட்டன என்பதை அக்கால வணிகர் அறிந்தே இருப்பர். இன்றேல் வெவ்வேறு விலை கூறியிருத்தல் இயலாது. ஆனால் பெயர் நமக்கு வந்து சேர்ந்தது. சோதனை வந்து சேரவில்லை. பொருட்பெயர்களின் வரலாற்றில் பேரிழப்பு இதுவேயாகும்.

நீரும் தீயும்

கத்தியால் அறியும் காழ், மரத்திற்குப் போதும். கல்லுக்கும் உப்புக்கும் அது போதாது. படிகாரமும் வெங்காரமும் கறியுப்பும் காட்சியில் ஏறத்தாழ ஒத்திருப்பவை. வெட்டிப் பார்த்து அவற்றை வேறு பிரித்தல் அரிது. இங்குத்தான் சித்த மருத்துவ நூல்கள் வேறு இரு சோதனைகளைக் கைக்கொண்டன. ஒன்று நீர், மற்றொன்று தீ.

சித்த மருத்துவம் உயிரற்ற மருந்துப் பொருள்களை உப்பு, பாடாணம், உபரசம், உலோகம், இரசம், கந்தகம் என வகுக்கிறது. நீரிற் கரைவதும் தீயிலிட்டால் ஆவியோ புகையோ எழுப்புவதும் உப்பு. அதன் வகை 25 என்பர். நீரிற் கரையாது, தீயிற் புகைந்து எழுவது பாடாணம். அது 64 வகைத்து, அவற்றுள் 32 பிறவி, 32 வைப்பு. பிறவி என்பது இயற்கையிற் கிடைப்பது. வைப்பு என்பது செய்துகொள்வது. நீரிற் கரையாது, தீயில் உருகி, ஆறியபின் மீண்டும் இறுகுவது உலோகம். அது 11 என்பது பெருவழக்கு. பாடாணத்தை ஒத்தும் செயலால் வேறுபட்டும் நிற்பன உபரசம், 120. இரசமும் கந்தகமும் தனித்து நிற்பன.

இவ்வெண்களும் பட்டியல்களும் நூலுக்கு நூல் மாறும். ஆதலின் எண்ணைப் பற்றி நின்று வாதிடுதல் பயனற்றது. நோக்கத்தக்கது பகுப்பின் அடிப்படையே. கரையுமா, உருகுமா, ஆவியாகுமா என்னும் மூன்று வினாக்களால் ஒரு பொருளுக்கு இடம் குறிக்கப்படுகிறது. நிறமோ, விளைந்த இடமோ, தெய்வத் தொடர்போ இங்கு முதன்மை பெறவில்லை. தாளகம், மனோசிலை, வெள்ளைப் பாடாணம் மூன்றும் நிறத்தால் முறையே மஞ்சள், சிவப்பு, வெண்மை. ஆயினும் மூன்றும் ஆர்செனிக் என்னும் ஒரே தனிமத்தின் சேர்மங்கள் என்பது இக்கால வேதியியல் கண்ட உண்மை. தீயிற் காட்டும் ஒத்த நடத்தையால் அவை சித்த மரபில் அணுகி நின்றன. நிறத்தை நம்பியிருந்தால் அவை சிதறிப் போயிருக்கும்.

இப்பகுப்பு தமிழ்நாட்டில் தனித்து எழுந்தது என்று நாம் கூற வரவில்லை. பாடாணம், உபரசம், உலோகம் என்னும் சொற்களே வடமொழி இரசநூல் மரபோடு உள்ள உறவைக் காட்டும். பரங்கிச்சக்கை போன்ற சொற்கள், அவை பயிலும் நூற்பகுதிகள் போர்த்துக்கீசியர் வருகைக்குப் பிற்பட்டவை என்பதைப் புலப்படுத்தும். எனவே சித்தர் பெயரால் வழங்கும் நூல்களை ஒரே காலத்தனவாகக் கொண்டு, சங்க காலத்து அறிவு என்று சொல்லுதல் பொருந்தாது.

பாரசீக அறிஞர் அல்-இராசி (865-925) செய்த பகுப்போடு இதனை ஒப்பிடின் ஒரு நுட்பம் தெளிவாகும். அவர் தீயில் பறந்து செல்லும் பொருள்களை ஆவிகள் என்று ஒரு வகையாக்கி, இரசம், கந்தகம், ஆர்செனிக்கின் கந்தகச் சேர்மங்கள், நவச்சாரம் ஆகியவற்றை அதனுள் அடக்கினார். தமிழ் மரபிலோ நவச்சாரம் உப்பு வகையிற் சேரும். நவச்சாரம் நீரிற் கரைவது, தீயில் ஆவியாகிப் படிவது. இரு பண்பும் உடையது. அல்-இராசி தீயை முதலில் வினவினார். நம்மவர் நீரை முதலில் வினவினர். பொருள் மாறவில்லை, வினாவின் வரிசை மாறியது, இடமும் மாறியது. எனவே இருவருள் எவரும் பிழைத்தார் என்று கூறுதற்கில்லை.

இப்பகுப்பின் எல்லையையும் கூறுதல் கடன். பித்தளையும் வெண்கலமும் கலவைகள். எனினும் உருகி இறுகும் ஒரே காரணத்தால் அவை பொன்னோடும் வெள்ளியோடும் உடன் எண்ணப்பட்டன. உருகுமா என்னும் சோதனை தனிமத்தையும் கலவையையும் பிரித்துக் காட்ட வல்லதன்று. அதற்கு வேறொரு வினா வேண்டும்: இதனை மேலும் பகுக்க இயலுமா? அவ்வினாவை இலவாசியே 1789இல் தெளிவாக எழுப்பி, பகுக்க இயலாதன என்று 33 பொருள்களைப் பட்டியலிட்டார். அப்பட்டியலில் ஒளியும் வெப்பமும் இடம்பெற்றமை, புதிய நெறிக்கும் தொடக்கத்தில் தடுமாற்றம் உண்டு என்பதற்குச் சான்று.

பெயரும் சோதனையும்

இவ்வாராய்ச்சி பழமை பேசி மகிழ்தற்கு மட்டும் உரியதன்று என்பதை இரு சொற்களால் விளக்குவோம்.

வீரம், பூரம் என இரு பொருள்கள் சித்த நூல்களில் உடன் பயில்வன. இரசம், இலிங்கம், இரசசெந்தூரம் என்பவற்றோடு சேர்த்துப் பஞ்சசூதம் என்பர். இரண்டும் பாதரசமும் குளோரினும் சேர்ந்தவை; இரண்டும் வெண்ணிறம்; இரண்டும் தீயிற் பதங்கிப்பன. ஆயின் வீரம் நீரிற் கரையும். பூரம் ஏறத்தாழக் கரையாது. வீரம் கொடிய நஞ்சாதற்கு அக்கரையும் தன்மையே பெருங்காரணம். நீர்ச் சோதனையைக் கண்டிப்பாகக் கொண்டால் வீரம் உப்பினத்திற் செல்ல வேண்டும். நூல்கள் அதனை இரசத்தின் வழிவந்ததாகவே வைத்தன. பிறப்பை நோக்கிய பகுப்பு இங்குச் சோதனை நோக்கிய பகுப்பை வென்றது. பதிப்பாசிரியர் ஒருவர் ஏட்டில் வீரம் என்றிருப்பதைப் பூரம் என்று படித்துவிட்டால் அது பாடபேதம் மட்டும் அன்று, உயிர்க்கேடு. சித்த நூல்களைப் பதிப்பிக்கும் தமிழ்த்துறையினர், பொருளறிந்த மருத்துவரும் வேதியியலாரும் உடனின்றி அப்பணியில் இறங்குதல் தகாது என்பது இதனாற் பெறப்படும்.

மற்றொரு சொல் பாடாணம். அது வடமொழியிற் கல்லைக் குறிப்பது. சித்த நூல்களில் ஒரு பகுப்பின் பெயர். இன்றைய பேச்சு வழக்கில் நஞ்சு என்றே பொருள்படுவது. ஆர்செனிக் பொருள்கள் அவ்வகையுள் பெயர் பெற்றமையாற் பொருள் இங்ஙனம் சுருங்கிற்று என்று கொள்ளலாம். இன்றைய பொருளை ஏற்றி, அறுபத்து நான்கு பாடாணம் என்பதற்கு அறுபத்து நான்கு நஞ்சு என்று உரை காண்பார், ஒரு பகுப்பு நெறியையே மறைத்தவராவர்.

அழியாது நின்ற சொற்களும் உண்டு. மருத்துவர் தம் அடுப்படியில் வழங்கிய பதங்கம் என்னும் சொல்லினின்றே, திண்மம் நேரே ஆவியாதலைக் குறிக்கும் பதங்கமாதல் என்னும் பாடநூற் சொல் அமைந்தது. வாலை வடித்தலும் அத்தகையது. மருத்துவர் கிறீன் (1822-1884) யாழ்ப்பாணத்தில் தமிழ்வழி மேலை மருத்துவம் கற்பித்து, 1875இல் கெமிஸ்தம் என்னும் வேதியியல் நூலை வெளியிட்டார். நூற்பெயர் நிலைக்கவில்லை, செயலைக் குறித்த பழஞ்சொற்கள் நிலைத்தன. சோதனையோடு பிணைந்த சொல்லுக்கு ஆயுள் மிகுதி என்று இதனை நாம் விளங்கிக்கொள்கிறோம்.

மலைமேல் ஒளி

மீண்டும் சவ்வாது மலைக்கு வருவோம். 1960களின் இறுதியில் அம்மலையிலுள்ள காவலூரில் வானாய்வு நிலையம் ஒன்று தொடங்கப்பெற்றது. 1972இல் ஒரு மீட்டர் தொலைநோக்கியும், 1986இல் 2.3 மீட்டர் தொலைநோக்கியும் அங்கு இயங்கத் தொடங்கின. வைணு பாப்பு பெயரால் அந்நிலையம் வழங்குகிறது. விண்மீனின் ஒளியை நிறமாலையாகப் பிரித்து, அதில் தோன்றும் கோடுகளால் அம்மீனின் பொருள் இன்னதெனக் காண்பது அங்கு நிகழும் ஆய்வுகளுள் ஒன்று.

இதுவும் தீயின் சோதனையே. சுடரில் ஒவ்வொரு தனிமமும் தனக்குரிய நிறக் கோடுகளைக் காட்டும் என்பதைப் புன்செனும் கிர்க்காபும் 1859-60இல் நிறுவினர். அந்நெறியால் அவர் கண்ட சீசியம், ருபீடியம் இரண்டும் தம் கோடுகளின் நீலத்தாலும் செம்மையாலும் பெயர் பெற்றன. அவை சோதனையே பெயரானவை. 1868 ஆகஸ்டு 18இல் நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தைக் குண்டூர் முதலிய இடங்களில் ஆய்ந்தனர். அவ்வாண்டு சூரிய நிறமாலையிற் கண்ட மஞ்சட் கோட்டிற்குரிய பொருளோ, கதிரவனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லால் ஹீலியம் எனப்பட்டது. 1895இல் அதனை இராம்சே மண்ணுலகிற் கண்ட பின்னும் அப்பெயரே நின்றது. அருமணவன் அகில் போல, ஹீலியமும் இடத்தாற் பெற்ற பெயர். ஆனால் அதன் சோதனை எழுதி வைக்கப்பட்டமையால் பெயர் எவரையும் மயக்கவில்லை.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன இவை. தமிழ் மரபிற் பொருட்பகுப்பு வெறும் பெயர் அடுக்கு அன்று. காழ், நீர், தீ என்னும் சோதனைகளைக் கொண்ட நெறி ஆங்கு உண்டு. அந்நெறி இக்கால வேதியியலும் அன்று. அது கேட்ட வினாக்கள் வேறு, அதற்கு எட்டிய விடைகளுக்கு எல்லை உண்டு. ஒரு பொருட்பெயர் இடத்தால் வந்ததா, சந்தையால் வந்ததா, பிறப்பால் வந்ததா, சோதனையால் வந்ததா என்று முதற்கண் ஆராய்ந்த பின்னரே அதற்கு நேரான இக்காலப் பெயரை எழுதுதல் வேண்டும்.

இப்பணிக்குக் காலம் நெடிது இல்லை. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 1998இல் சந்தன மரத்தை அழிவுக்கு இலக்காகத்தக்க இனங்களுள் வைத்தது. திருட்டாலும் மிகுவெட்டாலும் மலைகளில் முதிர்ந்த மரம் அருகிவிட்டது. கட்டையைக் கையிலேந்தி எடையும் காழும் சொல்லும் தொழிலாளரும், புடமிடும் அடுப்பருகே பொருளின் நிறமாற்றம் அறியும் மருத்துவரும் தம் அறிவைப் பெரும்பாலும் ஏட்டில் எழுதி வைப்பவர் அல்லர். அகிலின் பெயர்களை அடியார்க்கு நல்லார் நமக்கு விட்டுச் சென்றார். அவற்றை வேறு பிரித்த கை எதுவும் எழுதி வைக்கவில்லை. நம் காலத்துச் சொற்களுக்கும் அக்குறை நேராதிருக்க, தமிழ்த்துறை மாணவர் நூலகத்தை விட்டு மலைக்கும் கிடங்கிற்கும் மருந்தடுப்பிற்கும் சென்று, பெயரோடு சோதனையையும் கேட்டு எழுதி வருவாராக.